பொம்மைக்குத் தைத்த புதுக் கவுன்

அவளுக்குப் பட்டன் என்ற பெயர் ஆயத்த ஆடை ஆலையில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொத்தான் தைக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். ஆளும் குள்ளம், முகமும் வட்டம், வாய் மட்டும் மூடாது. மேற்பார்வையாளர் ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "ஏ பட்டன், வாயை மூடு!" என்று கத்தினார். வாய் மூடவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலையை விட்டுச் சொந்தமாகத் தையல் கடை போட்டு, பலகையில் என்னவோ அழகான பெயரெல்லாம் எழுதி மாட்டினாள். தெரு அதைப் படிக்கவே இல்லை. இன்றைக்கும் அது பட்டன் கடைதான்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நகல் எடுக்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே செருகி வைத்ததுபோல ஓர் அறை. வாசலிலேயே இஸ்திரி மேசை, அதைத் தாண்டினால் தையல் மெஷின், அதற்கும் பின்னால் வெட்டும் மேசை. பிஸ்கட் டப்பாக்களில் நிறம் பிரித்துப் போட்ட பொத்தான்கள். தைத்து முடித்த துணியெல்லாம் தலைக்கு மேலே கம்பியில் தொங்கும். உயரமான ஆள் உள்ளே வந்தால் யாருடைய கால்சட்டையாவது முகத்தில் அறையும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அது அக்காவின் இடம். வேறு யாரும் அதில் உட்கார்ந்தால் பட்டனுக்கே பொறுக்காது.

அக்கா பொத்தானுக்குக் காஜா எடுப்பாள், கொக்கி வைப்பாள், கவுன் விளிம்பை மடித்துக் கையால் தைப்பாள். இள வயதில் ஒரு பெரிய வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனவள். அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்கு முதல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "இவளைக் கட்டி மேய்க்கறதுக்கே எனக்கு நேரம் போதல" என்பாள்.

இரண்டு பேரும் காலையிலிருந்து கடை மூடும்வரை சண்டை போடுவார்கள். நூல் நிறத்துக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை, என்றோ செத்துப்போன சித்தி நல்லவளா கெட்டவளா என்று சண்டை. அளவு கொடுக்க வருகிறவர்கள் சண்டை ஓயட்டும் என்று காத்திருப்பதில்லை. நடுவில் புகுந்து கையைத் தூக்கி நிற்பார்கள். பட்டன் அளவெடுத்துக்கொண்டே சண்டையைத் தொடர்வாள். அப்படித் தைத்த சட்டை எதுவும் அளவு தப்பியதில்லை.

அக்காவின் காது மந்தமானது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அக்கா வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துப் பட்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. கத்திப் பேசினால் அக்காவுக்குப் பாதி விளங்கும். ஆனால் கத்திக்கொண்டு ரகசியம் சொல்ல முடியுமா? குத்திக் காட்ட முடியுமா? "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து" இவ்வளவைத்தான் கத்தலாம். அக்கா மெல்ல மெல்லப் பதில் பேசுவதையே விட்டுவிட்டாள். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அந்த அக்காவைப் பட்டனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பழைய அக்கா வேண்டும் அவளுக்கு. தன்னைத் திட்டுகிற அக்கா.

காது டாக்டர், இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். விலையையும் சொன்னார். வேறெதுவும் கேட்காத அக்காவுக்கு விலை மட்டும் கணீரென்று கேட்டுவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நீ ராப்பகலா தையல் மெஷினை மெதிச்சு சம்பாதிச்சதுல அதை வாங்கினே, தூக்கிச் சாக்கடையில போட்டுடுவேன். போடுவேனா மாட்டேனா?"

போடுவாள். பட்டனுக்குத் தெரியும்.

மறுநாள் அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்து வெட்டும் மேசையில் வைத்தாள். அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, குழந்தை அழுது அடம்பிடித்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பீங்கான் தலை. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் விழிக்கும். பழுப்பேறிய வெள்ளைக் கவுன், ஓரமெல்லாம் நைந்த லேஸ், அக்குளில் கிழிசல்.

"இதை வித்து வாங்க முடிஞ்சா வாங்கு. இல்லன்னா இந்தப் பேச்சை இத்தோட விடு" என்றாள். இந்தக் கிழிந்த கவுன்காரியை எவன் வாங்குவான் என்ற தைரியம் அவளுக்கு.

ஆனால் பேண்ட்டைக் குட்டையாக்கக் கொடுத்துவிட்டுப் போக வந்த வங்கிக்காரப் பெண் பொம்மையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முடியை ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தாள். அங்கே சின்னதாக எழுத்தும் எண்ணும் அழுத்தியிருந்தது.

"இதை வெச்சு விளையாடறீங்களா? இது லேசுப்பட்ட பொம்மை இல்லைங்க" என்றாள். போனில், பழைய பொருள் விற்கிற இணையச் சந்தையைத் திறந்து இதே மாதிரிப் பொம்மைகளைக் காட்டினாள். விலையைப் பார்த்த பட்டன் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த விலை இரண்டு காதுக்கும் போதும்.

முதல்முறை விற்கப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பட்டன் செய்ததை யாரும் செய்துவிடக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் அதிகம் போனால் பொம்மையைத் தண்ணீரில் முக்கிக் கழுவியிருப்பார்கள். அதுவே தப்புதான். இவள் தையல்காரி இல்லையா? கிழிந்த கவுனோடு ஒரு பொம்மையைத் தன் கடையிலிருந்து வெளியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பழைய கவுனைத் தையல் தையலாகப் பிரித்தாள், அந்தத் துண்டுகளை அளவுக்கு வைத்துச் சிவப்பு சாட்டினை வெட்டினாள், புதுக் கவுன் தைத்தாள். இடுப்பில் சுருக்கு, கையில் பஃப், முதுகில் முத்துப் பொத்தான் வரிசை. அவள் கையால் அவ்வளவு நேர்த்தியாக எந்த உடையும் அமைந்ததில்லை. பொம்மை கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்தார். அதை இணையச் சந்தையில் போட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: பழைய பொம்மை. புத்தம் புதிய உடை. ஒரு குறையும் இல்லை.

அவர் நல்ல மனுஷன். எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருவன் வந்தான். "சகோதரி, பொம்மை மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு தருகிறேன். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருந்தான். கணவர் வேனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்து காட்டினார். அதற்குள் அடுத்த செய்தியும் வந்தது: உங்கள் போனுக்கு ஓர் எண் வரும், அதை எனக்கு அனுப்பினால் பணம் உடனே ஏறிவிடும்.

"அனுப்பிடவா?"

"இருங்க. பிடரியைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்ல."

"கண்ணு மூடுதான்னு கேட்டானா? விரிசல் இருக்கான்னு?"

"எதுவும் கேக்கல. ரெண்டு மடங்கு தரேங்கறான், பட்டன்!"

"துணியை விரிச்சுப் பாக்காம, அளவு குடுக்காம, கூலி ரெண்டு மடங்கு தரேன்னு ஒருத்தன் என் கடைக்கு வந்தா, அவன் சட்டை தைக்க வரலைங்க. கல்லாப்பெட்டி எங்க இருக்குன்னு பாக்க வந்திருக்கான். போனைக் கீழ வைங்க."

"ஆமாம்" என்றார் கணவர். வைத்தார். அவன் பிறகு கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான், இணையச் சந்தைக்கு வெளியே வேறு எண்ணில் பேசலாம் வா என்று கூப்பிட்டான். பட்டன் அவன் பக்கமே திரும்பவில்லை. போனுக்கு வந்த எண் வீட்டுச் சாவி மாதிரி. கேட்கிறவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அதைக் கொடுக்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பிறகு வந்தவர் ஓர் அம்மாள். வீடு நிறையப் பொம்மை சேர்த்து வைத்திருப்பவர் என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. பிடரி எண் என்ன, கண் இமை முழுதும் இறங்குகிறதா, காதுக்குப் பின்னால் மயிரிழை விரிசல் உண்டா. கடைசியாக ஒன்று: இந்தச் சிவப்பு உடை பிற்காலத்தியது, பொம்மையோடு வந்த உடை எங்கே?

பட்டன் அப்போதுதான் இணையச் சந்தையை ஒழுங்காக மேய்ந்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கிழிந்த உடை, கறை படிந்த உடை, பூச்சி அரித்த உடை போட்ட பொம்மைகளெல்லாம் நல்ல விலைக்குப் போயிருந்தன. பளபளவென்று புது உடை போட்டவை சீந்துவார் இல்லாமல் கிடந்தன. விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காமல், உண்மையிலேயே விற்றுப்போன விலையைப் பார்க்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. தைப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய வேலை.

"என் கையாலேயே அக்கா காதை அடைச்சுட்டேங்க" என்றாள்.

கணவர் முதல்முறையாக ஆமாம் என்று சொல்லவில்லை. "பழசைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

தூக்கிப் போடவில்லை. எந்தத் தையல்காரி போடுவாள்? பிரித்த துண்டுகளை வரிசை மாறாமல் குண்டூசி குத்தி ஒரு பாலிதீன் பையில் வைத்திருந்தாள். லேஸ் தனியாகச் சுற்றி இருந்தது. ஒரு துண்டைக்கூட வெட்டியிருக்கவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய ஊசி போன துளைகள் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன.

அவள் மெஷினைத் தொடவில்லை. இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகத் தேடி அதே துளைக்குள் விட்டாள். பழைய தலையணை உறை ஒன்றைப் பிரித்து, நிறம் மங்கிய நூலை அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவசரத் துணி கேட்டு வந்தவர்களிடம் நாளைக்கு வா என்றாள். அக்கா பக்கத்து முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

பட்டன் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். பொம்மையின் கவுனைப் பிரித்துவிட்டேன் என்று அக்காவுக்குச் சொல்வதென்றால் மருந்துக் கடைக்காரர், நகல் கடைக்காரர், பேருந்துக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டலாம் என்றால் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அக்கா சிரித்துவிட்டுத் தன் காஜாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

கவுன் முடிந்தது. பொம்மைக்குப் போட்டுவிட்டுப் பார்த்தால், பிரித்த சுவடே இல்லை.

"எனக்கே தெரியல" என்றார் கணவர். "அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போகுது? பழைய உடை இருக்குன்னு மட்டும் போட்டுடுவோம். பொய்யும் இல்லையே."

"பொய் இல்லைதான்."

"அப்ப போட்டுடவா?"

அக்காவுக்குக் காது கேட்டிருந்தால் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும். சண்டை முடியும்போது எது சரி என்று தெரிந்துபோயிருக்கும். எல்லாவற்றையும் பட்டன் அப்படித்தான் முடிவு செய்து பழகியிருந்தாள். இப்போது தனக்குத்தானே சண்டை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கால்சட்டையை நீட்டிவிடக் கேட்டு வருகிறவரிடம், பழைய மடிப்புக் கோடு லேசாகத் தெரியும் என்று முன்பே தடவிக் காட்டித்தானே வாங்கிக்கொள்கிறாள்? தெரியாத மாதிரி தேய்த்துக் கொடுத்தால் முதல் சலவையில் கோடு வெளியே வரும். ஆள் திரும்ப வரமாட்டான்.

"எழுதுங்க" என்றாள். "பழைய உடை. நான் தையல்காரி. தெரியாம பிரிச்சுட்டேன். அதே துளையில கையால திரும்பத் தைச்சிருக்கேன். நூல் மட்டும் வேற."

"விலை இறங்கிடுமே, பட்டன்."

"இறங்கும்."

"அண்ணி காது?"

"எழுதுங்கன்னா எழுதுங்க!"

இந்த முறை படம் டியூப்லைட்டில் இல்லை. காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரம். முன்பக்கம், முதுகு, பிடரி எண், மூடிய கண், திறந்த கண். காதுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. அதற்குத் தனிப் படம். அக்குள் கிழிசலுக்கு ஒன்று. குறையை நாமே விரல் வைத்துக் காட்டிவிட்டால் வாங்குகிறவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவார். மறைத்தால் இல்லாத குறையையும் தேடுவார்.

பொம்மைக்கார அம்மாளின் பதில் சுடச்சுட வந்தது: தைப்பதற்கு முன்பு என்னைக் கேட்டிருக்கலாமே? துண்டு துண்டாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பட்டன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிரித்தது ஒரு தப்பு, தைத்தது இன்னொரு தப்பு. பழைய பொருளை எதுவும் செய்யாதே, தெரியாவிட்டால் கேள். இந்த ஒரு வரியை யாராவது அவளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் செய்தி அதோடு நிற்கவில்லை. உள்பக்கத் தையலைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று இருந்தது. அனுப்பினார்கள். அன்று முழுவதும் பதில் இல்லை. பட்டன் ஒரு சட்டைக்கு இடது கையையே இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

மறுநாள் விலை சொன்னார். கேட்டதைவிட நன்றாகவே குறைவு. கீழே ஒரு வரி: ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை, பார்த்தேன், நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நூலை வைத்துக் கண்டுபிடித்திருப்பேன், பிறகு விரிசலைப் பற்றி நீங்கள் சொன்னதையும் நம்பியிருக்க மாட்டேன். பட்டன் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டாள். கேட்பதில் என்ன வெட்கம்? அம்மாள் கொஞ்சம் ஏறினார். பட்டன் சம்மதித்தாள்.

பணம் இணையச் சந்தையின் கைக்கு வந்துவிட்டது என்று அவள் கணக்கிலேயே தெரிந்த பிறகுதான் பெட்டியைத் தேடினாள். வந்துவிட்டது என்று எவனோ அனுப்புகிற செய்தியை நம்பவில்லை. கணவர் வேனில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, "இதுல வெச்சுக் கட்டிடலாமா?" என்றார்.

"உங்களைத்தான் கட்டி அனுப்பணும்."

கண்ணுக்குப் பின்னால் எடை தொங்குகிற பொம்மை அது. குலுங்கினால் கண் உள்ளே விழுந்துவிடும். ஆகவே முகத்தின்மேல் மெத்தென்று பஞ்சு வைத்துக் குப்புறப் படுக்க வைத்தாள். கை, கால், தலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மெல்லிய காகிதம். சின்னப் பெட்டி, அதைச் சுற்றி வெட்டிய துணித் துண்டுகள் திணித்த பெரிய பெட்டி. ஆட்டிப் பார்த்தாள், உள்ளே சத்தமே இல்லை. கட்டுவதை முழுக்கக் கணவர் போனில் படம் பிடித்தார். உடைந்து போனால் ஈடு தருகிற பார்சலாகப் பார்த்து அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினாள். சிவப்பு சாட்டின் கவுனையும் மடித்து உள்ளே வைத்தாள், இலவசமாக. அதைக் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் அக்கா பொம்மையை ஒருமுறை கேட்டு வாங்கினாள். மடியில் படுக்க வைத்துக் கண் மூடுகிறதா என்று பார்த்தாள். திரும்பக் கொடுத்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பொம்மை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. வந்த பணம் ஒரு காதுக்குத்தான் போதுமாக இருந்தது.

"எந்தக் காதுக்கு வைக்கலாம்?" என்று கேட்டார் டாக்டர்.

அக்கா வாய் திறக்கும் முன் பட்டன், "முக்காலியில உட்கார்ந்தா என் பக்கம் இருக்கற காதுக்கு" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலது காதுக்கு என்று அவள் கையைக் காட்டினாள்.

மெஷின் வைத்துக் கடைக்கு வந்த அன்று அக்கா முதலில் மருந்துக் கடையில் யாரோ இருமுவதைக் கேட்டாள். பிறகு தலைக்குமேல் மின்விசிறியைப் பார்த்தாள். "இது எப்பவுமே இப்படித்தான் கத்துமா?" என்றாள். பட்டன் சாதாரணக் குரலில், கத்தாமல், இத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பொம்மை கவுனை நான் பிரிச்சுட்டேன். அதனாலதான் விலை குறைஞ்சுது. இல்லன்னா ரெண்டு காதுக்கும் வந்திருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"பிரிச்சியா? எதைப் பிரிச்சே?"

"கவுனை. புதுசு தைக்கலாம்னு."

"உன்னை யாருடி தைக்கச் சொன்னது? பார்த்ததையெல்லாம் பிரிக்கறதா? சின்ன வயசுல என் பாவாடையைப் பிரிச்சு ஜன்னல் திரை தைச்சவதானே நீ! அன்னைக்கே நாலு போட்டிருக்கணும். சித்தி தடுத்துட்டா. அவ நல்லவன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரியறே. மாப்பிள்ளை, நீங்க பார்த்துக்கிட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

வாசலில் வந்து நின்ற கணவர், "ஆமாம் அண்ணி" என்றார்.

"ஆமாமாம்! வாய்ல வேற வார்த்தையே வராதே உங்களுக்கு! இதுல எனக்குத் தெரியாம மூடி மறைச்சு வேற தைச்சிருக்கா. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், கையை ஆட்டறா கையை..."

அக்கா நிறுத்தவில்லை. இரண்டு பேர் அளவு கொடுக்க வந்து நின்றார்கள். பட்டன் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து ஒருவருக்குத் தோளை அளந்தாள். கண் கலங்கி எண் தெரியவில்லை, மறுபடி அளந்தாள்.

"சித்தி நல்லவதான்" என்றாள்.

"யாரு? அவளா?" என்று அக்கா முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.